பிணத்துக்கு ஒரு இரவல் புடவை

பொம்மையின் இடுப்பிலிருந்து புடவையை உருவிக்கொண்டிருந்தார் உத்திராபதி.

கொசுவம் கைக்கு வந்துவிட்டது. முந்தானைதான் பாடாய்ப் படுத்தியது. தோள்பட்டையில் எங்கேயோ ஊக்கு குத்தியிருந்தார்கள். பலமாக ஓர் இழுப்பு இழுத்தால் வந்துவிடும். கூடவே கிழிந்தும் விடும். பொம்மையின் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொடுத்து ஊக்கைத் தேடினார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்க வேண்டும்.

விசில் ஊதியது.

“யோவ்! பொம்மைய வுடுய்யா!”

காவலுக்கு நின்ற ஆள் ஓடிவந்து உத்திராபதியின் இடுப்பைப் பிடித்தான். உத்திராபதி பொம்மையின் இடுப்பைப் பிடித்திருந்தார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு சுற்று சுற்றினார்கள்.

“எம் பொண்டாட்டி புடவைய்யா இது!”

“பொம்மைக்கு ஏதுய்யா புருஷன்?”

கூட்டம் கூடியது. தலையில் பிளாஸ்டிக் பூ வளையம் மாட்டிய பெண்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். இதுவும் கண்காட்சியில் சேர்த்திதான் என்று நினைத்து ஒருவர் கைதட்டினார்.

இடம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஏசி கல்யாண மண்டபம். வாசலில் மாப்பிள்ளை பெண் பெயர் தொங்கும் இடத்தில், ‘பூத்த நாட்கள்: அந்தக் காலக் காதலின் மலராடைகள்’ என்று தொங்கியது. நடத்துவது மலராடை மரபுப் பேரவை. பழைய பூப்போட்ட துணிகளை ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து, நிற்க வைத்து, அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்காகவே ஏற்பட்ட அமைப்பு. பெருமூச்சுக்கென்று அதில் ஒரு துணைக்குழுவே உண்டு.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேரவைத் தலைவர் முனைவர் காயத்ரி வந்தார். புடவையில் பூ. கைப்பையில் பூ. மூக்குக் கண்ணாடிக் கூட்டில்கூட ஒரு செம்பருத்தி.

“யார் இவர்?”

உத்திராபதி பொம்மையை விட்டார். கும்பிட்டார்.

“குமராட்சிப் பக்கத்துலேர்ந்து வர்றேன் மேடம். உத்திராபதி. மினிபஸ்ல கண்டக்டர். எம் பொண்டாட்டி சௌந்தரம் வெடிகாலைல செத்துட்டா. இந்தப் புடவையப் போத்தித்தான் தன்ன அனுப்பணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா. பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும். குடுத்தீங்கன்னா பஸ்ஸப் புடிச்சி ஓடிடுவேன்.”

காயத்ரி கண்ணை மூடினார். திறந்தபோது அதில் ஈரம் இருந்தது. அதோடு ஒரு வெளிச்சமும் இருந்தது.

“செம்பியன்! சௌந்தரம் காலமாயிட்டாங்க!”

காப்பாளர் செம்பியன் பதறி ஓடிவந்தார். இளைஞர். கையில் வெள்ளைக் கையுறை. அவர் உத்திராபதியைப் பார்க்கவில்லை. பொம்மையின் காலடியில் இருந்த அட்டையைப் பார்த்தார்.

“மேடம், ‘வாழ்ந்து வருகிறார்’னு போட்டிருக்கோம்.”

“மாத்திடுங்க. ‘காலமானார்’னு போட்டா இன்னும் எடுப்பா இருக்கும்.”

அட்டையில் இருந்தது இது: ‘முதல் பரிசு. நடுநாட்டு ஜார்ஜெட். வண்டல் நிறத்தில் ரோஜா. ஏழை இளைஞன் உத்திராபதி, தன் முதல் கூலியில் காதலி சௌந்தரத்துக்கு வாங்கித் தந்தது.’

இதை முழுக்க அவர்களாக எழுதவில்லை. பொங்கலுக்கு முன்னால் பேரவையின் வேன் குமராட்சிப் பக்கம் வந்தது. பழைய பூப்போட்ட புடவை வைத்திருப்பவர்கள் காட்டலாம், கண்காட்சி முடிந்ததும் திருப்பித் தரப்படும் என்று மைக்கில் சொன்னார்கள். சௌந்தரம் பெட்டிக்குள்ளிருந்து இதை எடுத்து வந்தாள். தெருவே சுற்றி நின்றது. “யாரும்மா வாங்கிக் குடுத்தது?” என்று காயத்ரி கேட்டார். சௌந்தரம் புருஷனைப் பார்த்தாள். “அவருதான்” என்றாள். உத்திராபதி தெருவில் நின்ற மாட்டைப் பார்த்தார்.

ஒரு எவர்சில்வர் தூக்குவாளியைக் கையில் கொடுத்துவிட்டுப் புடவையோடு வேன் போய்விட்டது. பொங்கல் போனது. சித்திரை போனது. சிதம்பரத்தில் கண்காட்சி நடந்தது, நெய்வேலியில் நடந்தது, திட்டக்குடியில் நடந்தது. புடவை ஊர் ஊராய்ப் போய் விருது வாங்கியது. சௌந்தரம் படுத்த படுக்கையானாள். “என் பொடவ வந்துச்சா?” என்பதுதான் கடைசி மாதத்தில் அவள் பேசிய பேச்சு. வேறு எதற்கும் வாயைத் திறக்கவில்லை.

“உத்திராபதி, உங்க வலி எனக்குப் புரியுது,” என்றார் காயத்ரி. “நானும் இழந்தவ. எங்கம்மாகிட்ட ஒரு ஜார்ஜெட் இருந்துச்சு. பால் வெள்ளையில சின்னச் சின்ன ரோஜா. சின்னப் பிள்ளையில நான் இஸ்திரி போடறேன்னு பெட்டி முனைய வச்சுச் சுட்டுட்டேன். பதறிப்போய் எடுத்து, பக்கத்துலயே இன்னொரு தடவை வச்சுட்டேன். அம்மா அடிக்கலை. ‘கிளி கொத்திடுச்சு’ன்னு சிரிச்சாங்க. அம்மா போனப்புறம் எங்கண்ணி பீரோவையே காலி பண்ணிட்டா. அதைத் தேடித் தேடித்தான் இந்தப் பேரவையே உண்டாச்சு. உங்களுக்காவது அவங்க செத்த நேரம் தெரியும். எனக்கு அந்தப் புடவை போன தேதிகூடத் தெரியாது.”

உத்திராபதி கையைக் கட்டிக்கொண்டார். “வருத்தமாத்தான் இருக்கு மேடம்,” என்றார். துக்கம் விசாரிக்க வந்தவர் அவர்தான் போலிருந்தது.

“புடவைய…?”

“கண்டிப்பா தர்றோம். உங்களோடதுதானே? அலுவலகத்துக்கு வந்துடுங்க.”

சொல்லிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். உத்திராபதியும் பின்னால் போனார். காவல்காரன் குறுக்கே கையை நீட்டினான்.

“அது தலைவருங்களுக்கு. பொதுமக்கள் அம்புக்குறிய பாத்துப் போவணும்.”

அலுவலகம் கண்காட்சியின் கடைசியில் இருந்தது. அம்புக்குறி ஒருவழிப் பாதை. காதலின் எல்லாக் கட்டங்களையும் கடக்காமல் யாரும் அலுவலகத்தை அடைய முடியாது.

முதல் அறைக்கு ‘முதல் பார்வை’ என்று பெயர். உள்ளே பாதி பஸ் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். படிக்கட்டில் பூப்போட்ட சட்டை மாட்டிய பொம்மை தொங்கியது. இலக்கியா என்று நெஞ்சில் பெயர் குத்தியிருந்த தொண்டர் பெண் உத்திராபதியின் சட்டையில் ஒரு காகித ரோஜாவைக் குத்தினாள்.

“சார், படிக்கட்டுல ஒரு நிமிஷம் தொங்கிப் பாருங்க. அந்தக் காலத்தை உணருவீங்க.”

“நான் தெனமும் அதுலதாம்மா தொங்கறேன்.”

“இல்ல சார், இது உணர்வோட.”

தொங்கினார். தொங்கும்போது பாக்கெட்டில் செல் அடித்தது. மச்சான் காத்தவராயன். சௌந்தரத்தின் தம்பி.

“மாமா, எங்க கீறீங்க?”

“படிக்கட்டுல தொங்கறேன் மச்சான்.”

“பஸ் ஏறிட்டீங்களா! வாங்க, வாங்க. மேளக்காரங்க அடிச்சி அடிச்சி ஓஞ்சிட்டாங்க. நான் கோடிப் புடவ எடுத்தாந்து வச்சினு ஒக்காந்திருக்கேன். பட்டு மாமா, பட்டு! அத வுட்டுட்டு எங்கக்காவுக்குப் பழைய துணியத் தேடினு போனீங்க பாருங்க. ஊரு சிரிக்குது.”

உத்திராபதி இறங்கினார். அடுத்த அறை ‘மொட்டை மாடி’. அதற்கடுத்தது ‘ஊடல்’, அங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற பொம்மையிடம் பார்வையாளர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டார். அதற்கப்புறம் ‘பிரிவு’. இருட்டு அறை. மூலையில் ஒரு வயலின் அழுதது. வெளியே போகும் கதவு சாத்தியிருந்தது.

“கொஞ்சம் நெகிழ்ந்தாத்தான் சார் கதவைத் திறப்போம்,” என்றாள் இலக்கியா. டார்ச் அடித்து அவர் கண்ணைப் பார்த்தாள். “ஒண்ணுமே வரலியே. நீங்க யாரையாவது பிரிஞ்சதை நெனச்சுப் பாருங்க.”

“காலைலேர்ந்து அதத்தாம்மா நெனைக்கறேன்.”

“அது பத்தாது சார். உங்களுக்கு முன்னாடி போன காலேஜ் பசங்க எல்லாம் தேம்பித் தேம்பி அழுதாங்க. நீங்க மறுபடியும் முதல் பார்வையிலேர்ந்து ஒரு சுத்து வந்துடுங்களேன்.”

மறுபடி போய்ப் படிக்கட்டில் தொங்கினார். மறுபடி பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டாம் முறையும் கண் காய்ந்தே கிடந்தது. பின்னால் வரிசை நின்றதால் இலக்கியாவே இரக்கப்பட்டு அவர் கண்ணுக்குப் பக்கத்தில் எதையோ பீய்ச்சினாள். வெங்காய நெடி. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“சூப்பர் சார்!” கதவு திறந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் அலுவலகம் இல்லை. மேடை இருந்தது. எதிரே நாற்காலிகளில் ஆட்கள். அழுதுகொண்டே மேடை ஏறிய உத்திராபதியைப் பார்த்து அரங்கமே எழுந்து நின்றது.

“இதோ! நம் காதலன்!” என்றார் மைக்கில் இருந்தவர்.

அவர் பேராசிரியர் லூர்துசாமி. பேரவையின் ஆய்வுத் தலைவர். அவர் பின்னால் திரையில் சௌந்தரத்தின் புடவை வீடு அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

“அன்பர்களே! இந்த நிறத்தைப் பாருங்கள். இது கடையில் கிடைக்கும் சாயம் இல்லை. கொள்ளிடத்து வண்டல் நிறம்! தன் காதலி தன் மண்ணின் நிறத்தையே உடுத்த வேண்டும் என்று ஓர் ஏழைக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கும் மேலே, இந்த முந்தானை ஓரத்தைப் பாருங்கள். புடவை முழுக்க ஐந்து இதழ் ரோஜா. இங்கே மட்டும் ஓர் ஊதாப் பூ. கையால் தைத்தது. எத்தனை இதழ்? இரண்டே இரண்டு! இயற்கையில் இரண்டு இதழ் பூவை நான் பார்த்ததில்லை. அது பூவே அல்ல. அது இருவர். ஒருவரை ஒருவர் தொட்டும் தொடாமலும் நிற்கும் இருவர்! படிக்காத ஒரு பெண் ஊசியால் எழுதிய கவிதை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு தவணை நிதி உதவி தேவைப்பட்டது.”

கைதட்டல். லூர்துசாமி மைக்கை உத்திராபதியின் வாயருகே கொண்டுவந்தார்.

“அந்தத் தருணம்! அதைப் பரிசாகக் கொடுத்தபோது அவர் என்ன சொன்னார்?”

உத்திராபதி திரையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

“மெட்ராஸ் பொடவடா யப்பான்னு சொன்னா.”

அரங்கம் உருகியது. முன்வரிசையில் ஒருவர் கர்ச்சீப்பை எடுத்தார். “எங்கே வாங்கியது என்பதைக்கூட மறக்கவில்லை!” என்றார் லூர்துசாமி.

“சார், பொணம் கெடக்குது. புடவையக் குடுங்க,” என்றார் உத்திராபதி. மைக்கில் அது எதிரொலித்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

அவசரக் கூட்டம் அங்கேயே கூடியது. காயத்ரி நடுவில், செம்பியன் ஒரு பக்கம், லூர்துசாமி ஒரு பக்கம். உத்திராபதி நின்றார். நாற்காலிகள் எல்லாம் காட்சிக்கு வைத்தவை.

“எரிக்கவா கேக்கறார்?” லூர்துசாமிக்கு மூச்சு வாங்கியது. “தேசத்தின் சொத்தை?”

“நம்ம விதிப்படி காட்சிப் பொருளைத் திருப்பித் தரணும்னா, கொடுத்தவங்களே நேர்ல வந்து கேக்கணும்,” என்றார் செம்பியன்.

“அவ வர முடியாதே சார்.”

“அதான் சிக்கல், பெரியவரே.”

காயத்ரி கையை உயர்த்தினார். அவர் முகத்தில் கருணை பரவியது.

“நாம இரக்கம் இல்லாதவங்க இல்லை. புடவையைத் திருப்பித் தர முடியாது. ஆனா இரவல் தரலாமே? போன வருஷம் திருவதிகையில ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேற புடவை தந்தோம். அதே மாதிரி சௌந்தரத்துக்கும் தருவோம். இன்னைக்கு ஒரு நாள், குமராட்சியில வெளியூர்க் காட்சி.”

ஏகமனதாக நிறைவேறியது. செம்பியன் நிபந்தனைகளைச் சொன்னார். பிணத்துக்கு உடுத்தக் கூடாது, போர்த்தலாம். மஞ்சள் தண்ணீர் படக் கூடாது. மாலை போடக் கூடாது. நிஜப் பூவின் சாறு பட்டால் கறை விழும். தீ மூட்டுமுன் காப்பாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

“பூப்போட்ட புடவ மேல பூப் போடக் கூடாதுங்களா?”

“கூடவே கூடாது.”

உத்திராபதி தலையாட்டினார். போர்த்தினால் போதும். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெளியே வெயில் மஞ்சளாக ஆரம்பித்திருந்தது.

பேரவையின் வேன் கிளம்பியது. புடவை பஞ்சு மெத்தை வைத்த பெட்டிக்குள் சீட்டில் உட்கார்ந்து வந்தது. உத்திராபதி கீழே ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்து வந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் காயத்ரி ஜன்னல் வழியே வயலைப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் எனக்குப் புதுசில்ல, உத்திராபதி. அந்தப் பெரிய வெள்ளத்தப்போ சென்னையில எங்க குடியிருப்புல இருந்து ஒரு லாரி நெறையத் துணி அனுப்பி வச்சோம். எல்லாம் உங்க குமராட்சிப் பக்கந்தான். நான்தான் கொடி அசைச்சேன். மக்கள் முகத்துல என்ன ஒரு சந்தோஷம்!”

“நீங்க வந்திருந்தீங்களா மேடம்?”

“இல்ல. கொடி அசைச்சதோட சரி. சந்தோஷமாத்தானே இருந்திருப்பாங்க?”

உத்திராபதி வயலைப் பார்த்தார்.

சிதம்பரத்தில் வேன் நின்றது. கீழ வீதியில் பேரவையின் கிளை. தங்கள் ஊர் வழியாகப் போகும் புடவைக்கு மரியாதை செய்யாமல் அனுப்ப மாட்டோம் என்று கிளைச் செயலாளர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் பிளக்ஸ் தயாராகியிருந்தது. ‘இறுதிப் பயணத்திலும் காதல்!’ என்று பெரிய எழுத்து. காயத்ரி படம் பெரிதாக. கிளைச் செயலாளர் படம் அதைவிடக் கொஞ்சம் சின்னதாக. மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு ஒரு பொம்பளை. அது சௌந்தரம் இல்லை. வேறு யாரோ.

மறுபடி செல்.

“மாமா! வெட்டியான் கெளம்பிப் போறேங்கறாரு. ஐஸ் பொட்டிக்காரன் வேற எடத்துக்குப் போவணும்னு கத்தறான். வர்றீங்களா, இல்ல நாங்களே எடுத்துடறதா?”

“மச்சான், பொறுடா. பொடவ கையில கீது. அதுக்குப் பொன்னாட போத்தினு இருக்காங்க.”

“பொடவைக்கா?”

“ஆமாண்டா.”

காத்தவராயன் போனை வைத்துவிட்டான்.

வேன் தெருவுக்குள் நுழைந்தபோது மகள் இளமதி ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “கெடைச்சுதாப்பா?” என்றாள். அவர் பதில் சொல்லுமுன் செம்பியன் இறங்கி, பந்தலைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்ட ஆரம்பித்திருந்தார்.

ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் செம்பியனின் கண் விரிந்தது. கண்ணாடி மூடியைத் தடவினார். உள்ளே இருந்த குளிர் அளவைக் குனிந்து படித்தார். உள்ளே படுத்திருந்தவளைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

“மேடம், சீரான குளிர். தூசி புகாத மூடி. நம்ம மண்டபத்துலகூட இந்த வசதி இல்லை!”

“எவ்ளோ பொருத்தமான காட்சிப் பேழை!” என்றார் லூர்துசாமி. “அடுத்த கண்காட்சிக்கு இதையே வாடகைக்கு எடுத்துடலாம்.”

கையுறை மாட்டிய இரண்டு பேர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புடவையைச் சௌந்தரத்தின்மேல் போர்த்தினார்கள். ஊதாப் பூ தெரிகிற மாதிரி முந்தானையைத் திருப்பி விட்டார்கள். அவள் முகம் மறைந்தது. பரவாயில்லை என்றார்கள். தலைமாட்டில் அட்டை நின்றது: ‘தொடாதீர்கள்.’

ஒப்பாரி வைத்த பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு பெட்டிமேல் சாய்ந்தார்கள். செம்பியன் ஓடிவந்தார்.

“கண்ணீர் விழக் கூடாது! கண்ணீர்ல உப்பு இருக்கு, நிறம் மங்கிடும். அழறவங்க கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு அழுங்க.”

“எங்கக்கா மேல நான் வுழுந்து அழக் கூடாதா? நீ யார்ரா சொல்றதுக்கு?” காத்தவராயன் வேட்டியை மடித்துக் கட்டினான். தோளில் பட்டுக் கோடி.

“மச்சான், வுடுடா,” என்றார் உத்திராபதி. “அவ கேட்டது வந்திருச்சி. வுடு.”

இளமதி மட்டும் கயிற்றுக்கடியில் குனிந்து போனாள். முந்தானையை விலக்கி அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். செம்பியன் வாயைத் திறந்தார். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

காயத்ரி மைக்கில்லாமலே பேசினார். “இந்தப் புடவையைப் பார்க்கும்போது என் அம்மாவைப் பார்க்கற மாதிரி இருக்கு,” என்று நாத்தழுதழுத்தார். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் பொய் இல்லை. போட்டோ எடுத்தவர் சரியாக விழவில்லை என்றதால் இன்னொரு தடவை தழுதழுத்தார்.

சுடுகாடு கொள்ளிடத்துக்குப் போகிற வாய்க்கால் ஓரம். பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். காயத்ரியும் பொம்பளைதான் என்பதால் வேன் சுடுகாட்டு வாசலோடு நின்றது. உள்ளே செம்பியன் மட்டும் போனார், கையுறையோடும் காலிப் பெட்டியோடும்.

விறகின்மேல் சௌந்தரத்தைக் கிடத்தினார்கள். மேலே எருமுட்டையை அடுக்கப் போனார் வெட்டியான்.

“நில்லுங்க,” என்றார் செம்பியன். “பெரியவரே, பேச்சுப்படி புடவையைக் குடுத்துடுங்க. ராத்திரிக்குள்ள நான் கடலூர் போகணும்.”

உத்திராபதி கொள்ளிச் சட்டியோடு நின்றார். சுற்றிலும் பார்த்தார். மச்சானும் தூக்கி வந்தவர்களும்தான். தெரு தூரத்தில் இருந்தது.

“சார், இது நான் எடுத்துக் குடுத்த புடவ இல்ல.”

“என்னது?”

“வெள்ளத்தப்போ மெட்ராஸ்லேர்ந்து லாரி வந்துச்சி. நிறுத்தக்கூட இல்ல. போற போக்குல பழந்துணிய ரோட்டுல தள்ளிவுட்டுட்டுப் போயிட்டாங்க. சேத்துல குமிஞ்சி கெடந்துச்சி. கட்ட முடியாத துணி, கிழிஞ்சது, உள்பாவாட, எல்லாம். அதுலேர்ந்து அவ இத உருவி எடுத்தா. எவ்ளோ தொவச்சும் சேத்து நெறம் போவல. அதத்தான் உங்க வாத்தியாரு வண்டல்னாரு.”

செம்பியன் கையைப் பின்னுக்கு இழுத்தார். கையுறையைப் பார்த்தார். கழற்றி எறிந்தார். பையிலிருந்து சானிடைசரை எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்தார். அப்புறம் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம், இது நிவாரணத் துணியாம்.”

“நிவாரணமா?” காயத்ரியின் குரலில் பூ உதிர்ந்துவிட்டிருந்தது. “யாரோ கட்டி அவுத்துப் போட்ட பழசா? சீ! அதையா நான் எல்லா ஊருக்கும்… செம்பியன், அட்டைய எடுத்துடுங்க. வெப்சைட்லேர்ந்து தூக்கிடுங்க.”

“புடவை?”

“அதை ஏன்யா கேக்கறீங்க? எரியட்டும். கையைத் தொடச்சீங்களா?”

“தொடச்சுட்டேன் மேடம்.”

செம்பியன் போனை மூடினார். “இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா கடலூர்லயே தூக்கி மூஞ்சில வீசியிருப்போமே, பெரியவரே? எதுக்கு இத்தனை அலைச்சல்?”

“ஊருக்கு முன்னால அவ சொன்ன வார்த்த சார் அது. வீட்ட வுட்டு அவ கெளம்பற வரைக்கும் அது நான் எடுத்துக் குடுத்த புடவைதான்.”

காத்தவராயன் தோளில் கிடந்த பட்டை எடுத்து மடித்து அக்காவின் காலடியில் வைத்தான். 

உத்திராபதி தீ வைத்தார். ஜார்ஜெட் குப்பென்று பிடித்துக்கொண்டது. நின்று பார்க்கக் கூடாது. கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வாசலில் வேன் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. காயத்ரி ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கினார். லூர்துசாமியின் கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. அதை எப்படியாவது காப்பாற்றியாக வேண்டும்.

“உத்திராபதி, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அந்த ரெண்டு இதழ் ஊதாப் பூ. அதுவும் லாரியில வந்ததா?”

“இல்ல மேடம். அது சௌந்தரம் தச்சது.”

“அப்பாடா!” காயத்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது போதும். மனசுல என்ன நெனச்சுக்கிட்டு அதைத் தச்சாங்கன்னு ஏதாவது சொன்னாங்களா?”

உத்திராபதிக்குப் பின்னால் புகை பனைமரத்துக்கு மேலே எழும்பியிருந்தது. அவர் பார்க்கவில்லை. காயத்ரிதான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெனைக்கறதுக்கு என்னா இருக்கு மேடம். சேறு படறதுக்கு முன்ன அது வெள்ளைப் பொடவ. ஓட்ட பளிச்சுனு தெரிஞ்சுது, மூடறதுக்குத் தச்சா. யாரோ இஸ்திரிப் பொட்டி முனைய வச்சி சுட்டுருந்தாங்க. ரெண்டு எடம். பக்கத்துல பக்கத்துல. கிளி கொத்துன மாதிரி.”